பக்கவாட்டு விசை

"ப்ரியா, இந்த 1.35 எங்கிருந்துடி வருது?" என்று மௌனிகா கேட்டபோது சண்முகப்ரியா டீயை ஊதிக் குடித்துக்கொண்டிருந்தாள். சாதாரணக் கேள்விதான். அதற்கான பதிலும் அவளிடம் இருந்தது. ஆனால் வாயைத் திறந்தபோது வேறொன்று வந்தது.

"அது ஒண்ணுமில்லடி. ஒரு பாதுகாப்புக்குப் போட்டு வெச்சது. வேண்டாம்னா எடுத்துடு."

மௌனிகா தான் எழுதும் புதிய கணக்கிலிருந்து அதை எடுத்துவிட்டாள். திரையில் ஒரே ஒரு தட்டு. பழைய கணக்கின் கடைசியில் ஆறு வருஷமாக இருந்த எண், புதியதில் போன இடம் தெரியவில்லை. சண்முகப்ரியா மிச்சமிருந்த டீயை ஜன்னலோரச் செடிக்கு ஊற்றினாள்.

சிங்காநல்லூரில் சென்னகேசவன் நடத்தும் தொழிற்சாலை, பொக்லைன் என்று ஊர் சொல்லும் தோண்டும் இயந்திரங்களுக்குக் கையும் பக்கெட்டும் செய்து கொடுக்கிறது. கை என்பது பக்கெட்டைப் பிடித்திருக்கும் நீண்ட இரும்புப் பெட்டி. மண்ணைக் குத்தி அள்ளும்போது அதன் மேல் எவ்வளவு சுமை ஏறுகிறது என்பதைத் தராசில் வைத்துப் பார்க்க முடியாது. கணக்குப் போட்டுத்தான் பிடிக்க வேண்டும். சிலிண்டர்களில் எண்ணெய் என்ன அழுத்தத்தில் இருக்கிறது, மூட்டுகள் எந்தக் கோணத்தில் மடங்கியிருக்கின்றன, இந்த இரண்டையும் வைத்துக்கொண்டு, பக்கெட்டின் பற்களை மண் எவ்வளவு எதிர்த்துத் தள்ளுகிறது என்று பின்னோக்கி வர வேண்டும். அந்தச் சுமையைப் பொறுத்துத்தான் கைக்கு எவ்வளவு தடிமனில் தகடு போடுவது என்று முடிவாகும். அந்தக் கணித மாதிரியைத் தனி ஆளாகக் கட்டியவள் சண்முகப்ரியா. கரிசலுக்கு ஒரு விதமாக, செம்மண்ணுக்கு ஒரு விதமாக, சுக்கான்கல்லுக்கு இன்னொரு விதமாக, மழை பெய்த மறுநாளுக்குக்கூடத் தனியாக.

கடைசியில் வருகிற விடையை 1.35ஆல் பெருக்குவாள். சென்னகேசவன் அதற்குப் 'ப்ரியா ஃபேக்டர்' என்று பெயர் வைத்து, வருகிற விருந்தாளிகளிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார்.

அந்த எண்ணுக்குப் பின்னால் இருந்தது ஒரு வெடிப்பு. அவள் கணக்குப் போட்ட முதல் கையே பவானிப் பக்கம் ஒரு கல்குழியிலிருந்து பக்கவாட்டு வெல்டிங்கில் விரிசலோடு திரும்பி வந்தது. கணக்கில் பிழை இல்லை. நேரில் போய் ஒரு வேப்பமரத்தடியில் நின்று பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. தோண்டி முடித்த டிரைவர், சிதறிக் கிடந்த கல்லை ஒதுக்குவதற்காக பக்கெட்டைத் தரையில் வைத்து வண்டியையே இடமும் வலமுமாகத் திருப்பினார். வாசல் கூட்டுவதைப் போல. அவள் கணக்கு மேலும் கீழுமான விசையை மட்டுமே அறிந்தது. இப்படிப் பக்கத்திலிருந்து வருவது எந்த சிலிண்டரின் அழுத்தத்திலும் தெரியாது. அதைக் கணக்கில் கொண்டுவர அவளுக்கு அன்று வழி தெரியவில்லை. டிரைவரைத் திட்டினாள். 'பக்கெட்டால் பக்கவாட்டில் தள்ளாதீர்' என்று ஸ்டிக்கர் அடித்து எல்லா வண்டியிலும் ஒட்ட வைத்தாள். பிறகு ஒரு மாலை, கதவைச் சாத்திக்கொண்டு, குத்துமதிப்பாக 1.35 என்று போட்டாள்.

கண்டுபிடிக்க முடியாததை ஒரு எண்ணால் மூடி வைத்தோம் என்ற வெட்கம் அவளுக்கு உண்டு. அதனால்தான் அதன் காரணத்தை யாரிடமும் சொன்னதில்லை. மௌனிகாவிடம் சொல்லாததற்குக் காரணம் வெட்கம் மட்டுமல்ல என்பதும் அவளுக்குத் தெரியும்.

கல்லூரி விடுதியில் இருவரும் ஒரே அறை. சண்முகப்ரியா தாள் தாளாக எழுதித் தள்ளி வந்து சேரும் விடையை, மௌனிகா கட்டிலில் குப்புறப் படுத்துக்கொண்டே சொல்லிவிடுவாள். அப்போது அது வேடிக்கையாக இருந்தது. அறைத்தோழியின் கெட்டிக்காரத்தனத்தில் தனக்கும் பங்கு இருப்பதாக நினைக்கிற வயது. ஜெர்மனியில் பத்து வருஷம் இருந்துவிட்டு, அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்று ஊர் திரும்பிய மௌனிகாவைச் சென்னகேசவன் வேலைக்குச் சேர்த்துக்கொண்டார். புதிதாகச் செய்யப்போகும் நீளமான கைக்கு ஒரு புதிய மாதிரி வேண்டும் என்றார். மௌனிகா இரண்டே மாதத்தில் எழுதி முடித்தாள். மண்ணுக்கு மண் தனித்தனி எண் கிடையாது. வண்டி தோண்டத் தோண்ட அதுவே மண்ணைத் தெரிந்துகொள்ளும். முழு மாதிரியும் நான்கு பக்கம்தான். சண்முகப்ரியா அதைப் படித்த இரவு சாப்பிடவில்லை. அழகாக இருந்தது. அதுதான் வலித்தது. மோசமாக இருந்திருந்தால் தோழியை மன்னித்திருக்கலாம்.

இதில் கொடுமை, மௌனிகா நல்லவள். நரைத்த முடியை மறைக்காமல், தேய்ந்த செருப்போடு, யாரிடம் வேண்டுமானாலும் போய் உட்கார்ந்து டிபன் டப்பாவைத் திறப்பவள். எல்லோருக்கும் முன்னால் தன் மாதிரியை விளக்கிய அன்று முதல் வார்த்தையே, "ப்ரியாவோட உழைப்பு இல்லேன்னா இது இல்ல" என்பதுதான். கைதட்டினார்கள். சண்முகப்ரியாவும் சிரித்தபடி தலையசைத்தாள். உழைப்பு. அந்த வார்த்தை அவளோடு பஸ் ஏறி வீடு வரைக்கும் வந்தது. அறிவைச் சொல்ல முடியாதபோது சொல்கிற வார்த்தை அல்லவா அது? கூட்டம் முடிந்து கலையும்போது சென்னகேசவன் மௌனிகாவிடம் தெலுங்கில் ஏதோ சொல்ல, அவளும் தெலுங்கிலேயே பதில் சொல்லிச் சிரித்தாள். இரண்டு வீட்டிலும் பேசுகிற பாஷை, பேசிக்கொண்டார்கள், அவ்வளவுதான். ஆனால் ஒன்பது வருஷம் அந்த அறையில் உட்கார்ந்தும் தனக்கு ஒரு கதவு திறக்கவே இல்லை என்று சண்முகப்ரியாவுக்குத் தோன்றியது.

வீட்டில் கணவன் மோகன்குமார் வேறு. பம்ப் செட் கடையை மூடிவிட்டு வந்தவன் சட்டையைக் கழற்றிக்கொண்டே கேட்டான். "ஏங் கண்ணு, உன்ற ஃப்ரெண்டு பெரிய ஆளாமா? நம்ம சென்னகேசவனண்ணன் கடைக்கு வந்திருந்தாரு. புதுக் கை எடை பாதியா கொறையப் போகுதுன்னு ஒரே சந்தோசம்."

"பாதியெல்லாம் இல்ல. அஞ்சுல ஒரு பங்கு."

"அது போதாதா? ஒரு நா ஊட்டுக்குச் சாப்பிடக் கூப்பிடு. அறிவாளிங்க என்ன சாப்பிடறாங்கன்னு பாக்கலாம்."

"தினமும் ஒண்ணு உங்களுக்கு எதுத்தாப்ல உக்காந்து சாப்பிடுதே, அது பத்தாதா?"

"அட, கோவத்தப் பாரு!" என்று அவன் சிரித்தான். அவளும் சிரித்தாள். அறிவாளி என்று தன்னைத் தானே சொல்லிக்கொள்ள வேண்டியிருந்ததை நினைத்து, பாத்திரம் கழுவும்போது காது சூடாகியது.

புதுக் கையை நிஜமான மண்ணில் சோதித்துப் பார்க்க ஒரு நாள் குறித்தார்கள். இரும்பு எவ்வளவு இழுபடுகிறது என்று அளந்து சொல்லும், தபால்தலையைவிடச் சின்ன சென்சார்களைக் கையின் மேல் ஒட்டி, அவை காட்டுவதையும் மாதிரி முன்கூட்டிச் சொல்வதையும் ஒப்பிட வேண்டும். எங்கெங்கே ஒட்டுவது என்று மௌனிகா வரைந்து கொடுத்தாள். மேல் தகட்டில் நடுக்கோட்டில், அடித் தகட்டில் நடுக்கோட்டில். பக்கத் தகடுகளில் ஒன்றுமில்லை. நடுக்கோட்டில் ஒட்டினால் பக்கவாட்டு வளைவு அறவே தெரியாது. சண்முகப்ரியா வரைபடத்தைப் பார்த்தாள். "சரியா இருக்கா?" என்றாள் மௌனிகா. "சரியா இருக்கு" என்றாள்.

சோதனை நாள் காலையில் வீட்டை விட்டுக் கிளம்பும்போது, கைப்பையில் சென்சார் பாக்கெட் ஒன்றும், சின்னப் பசைக் குப்பியும், மடித்த உப்புத்தாளும் எடுத்துப் போட்டுக்கொண்டாள். எதற்கு என்று தன்னையே கேட்டுக்கொள்ளவில்லை.

சூலூர் தாண்டி ஒரு மில் குடோனுக்கு அஸ்திவாரக் குழி தோண்டும் இடம். டிரைவர் அக்பர் அலி உக்கடத்துக்காரர். இருபது வருஷமாக மண்ணோடு வாழ்பவர். முதலாளியும் இரண்டு மேடங்களும் வருகிறார்கள் என்று வண்டியைத் தண்ணீர் அடித்துக் கழுவி வைத்திருந்தார். இஸ்திரி போட்ட சட்டை. வழக்கப்படி சங்கிலிச் சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிவிட்டு வேலையைத் தொடங்கினார்.

எவ்வளவு பதவிசாகத் தோண்டினார்! பக்கெட் நேராக இறங்கியது, நேராக இழுத்தது, நேராக எழுந்தது. ஓரத்தில் சிந்திய மண்ணைக்கூட நிதானமாக வந்து அள்ளிக்கொண்டது. பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் காபி தட்டு பிடிப்பதுபோல ஒரு பணிவு. சண்முகப்ரியாவுக்குச் சிரிப்பு வந்தது. அடுத்த கணம் அது நின்றுபோனது. இது வேலை அல்ல, மரியாதை. இந்த ஊரில் விருந்தாளி முன்னால் யாரும் தன் வழக்கமான முகத்தைக் காட்டுவதில்லை. இந்தச் சோதனை அளந்துகொண்டிருப்பது அக்பர் அலியின் மரியாதையை.

டெம்போவின் நிழலில் வைத்திருந்த லேப்டாப்பில் கோடுகள் ஓடின. சென்சார் காட்டியது கருப்பு. மௌனிகாவின் மாதிரி நீலம். நீலம் கருப்பின் மேல் அப்படியே படுத்துக்கொண்டது. ஒப்பிடுவதற்காகப் போட்டிருந்த சண்முகப்ரியாவின் பழைய மாதிரி, அந்த 1.35ஓடு, ஒரு சாண் மேலே தொளதொளவென்று ஓடியது, அண்ணன் சட்டையைத் தம்பிக்குப் போட்டுவிட்டதுபோல.

"பாத்தீங்களா அம்மணி!" என்று சென்னகேசவன் தொடையில் தட்டினார். "ப்ரியா ஃபேக்டருக்கு ரிட்டயர்மென்ட் குடுத்துரலாமுங்க. ஒரு சால்வை போட்டு அனுப்பிச்சுப்போடலாம்."

எல்லோரும் சிரித்தார்கள். மௌனிகா மட்டும், "சார், சும்மா இருங்க" என்றாள். அந்தப் பரிவுதான் சிரிப்பைவிட அதிகமாகச் சுட்டது.

சாப்பாட்டுப் பொட்டலங்கள் பிரிக்கப்பட்டன. பசியில்லை என்று சண்முகப்ரியா குழியின் மறுபக்கம் போய் நின்றாள். ஒன்றும் செய்ய வேண்டாம். சும்மா இருந்தாலே போதும். அடுத்த மாதம் தகடு வெட்டுவார்கள். மெலிந்த கைகள் ஊர் ஊராகப் போகும். எங்கோ ஒரு குழியில், யாரும் பார்க்காத நேரத்தில், ஒரு டிரைவர் கல்லைக் கூட்டித் தள்ளுவார். பிறகு ஒரு நாள் போன் வரும். மௌனிகாவின் முகத்தை அவள் ஆசையோடு கற்பனை செய்தாள். அந்த முகம் முதல்முறையாக விடை தெரியாமல் விழிக்கும். இவள் போய் அவள் தோளில் கை வைப்பாள். 'பரவால்லடி, எல்லாருக்கும் நடக்கறதுதான்' என்பாள்.

அந்தக் கற்பனை அவ்வளவு இனிப்பாக இருந்ததில், கை உடையும்போது அதன் கீழே யாராவது நின்றிருக்கக்கூடும் என்பது வெகுநேரம் கழித்துத்தான் நினைவுக்கு வந்தது. வந்தபோது அவளுக்குத் தன்மேல் அருவருப்பு ஏற்பட்டது. ஆனாலும் அவளை அங்கிருந்து நகர்த்தியது அந்த அருவருப்புதான் என்று சொன்னால் அது பொய். நகர்த்தியது வேறொன்று. கற்பனையின் கடைசியில், தோளில் கை வைத்த பிறகு, மௌனிகா அழுது முடித்து நிமிர்ந்து பார்க்கிறாள்; அவள் கண்ணில் நன்றி மட்டுமே இருக்கிறது. இவளுக்கு முன்பே தெரியும் என்பது அவளுக்குத் தெரியாது. ஒருபோதும் தெரியப்போவதில்லை. மௌனிகாவுக்குத் தெரியாத ஒன்று சண்முகப்ரியாவுக்குத் தெரிந்திருந்தது, இந்த இருபது வருஷத்தில் ஒரே ஒரு தடவை. அதையும் வாயை மூடிக்கொண்டு புதைத்துவிட வேண்டுமா? பொறாமைக்கே அது பொறுக்கவில்லை.

அவள் நேராக வண்டியிடம் போனாள். அக்பர் அலி கை கழுவிக்கொண்டிருந்தார்.

"ஏனுங்கண்ணா, ஓரத்துல சிந்தற மண்ணு, கல்லு, அதையெல்லாம் எப்படி ஒதுக்குவீங்க?"

"பக்கெட்ல அள்ளித்தானுங்க மேடம்."

"நெசமாவா?"

"நெசந்தானுங்க. நீங்க ஒட்டச்சொன்ன ஸ்டிக்கரு கண்ணுக்கு நேரா இருக்குதுங்களே."

"நான் இல்லாதப்ப?"

"நீங்க இல்லாதப்பவும் ஸ்டிக்கரு அங்கதானுங்க இருக்குது."

"அண்ணா, திட்டறதுக்குக் கேக்கல. நீங்க கூட்டித் தள்றத நான் பாக்கோணும். இப்பவே."

அவர் ஈரக் கையைச் சட்டையில் துடைக்கப்போய், இஸ்திரி நினைவுக்கு வந்து நிறுத்தினார். "இப்படித்தானுங்க போன வருசம் ஒரு இன்ஜினியரு, 'சும்மா சொல்லுப்பா, நமக்குள்ள'ன்னாரு. வெள்ளந்தியா சொல்லிப்போட்டேன். அன்னிக்கே வண்டிய விட்டு எறக்கிப்போட்டாங்க. வேண்டாமுங்க மேடம். எனக்குக் கூட்டவே தெரியாதுங்க. ஊட்லகூட விளக்குமாத்த அவதான் எடுப்பா."

சண்முகப்ரியா சேலையைச் சொருகிக்கொண்டு சங்கிலியில் கால் வைத்து ஏறினாள். கண்ணாடிக்குப் பக்கத்தில் அவள் ஸ்டிக்கர். நகத்தால் பிறாண்டினாள். பாதிதான் கிழிந்து வந்தது. அதை அவர் கையில் கொடுத்தாள்.

"இப்ப?"

அக்பர் அலி கிழிந்த ஸ்டிக்கரைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "மொதலாளி பாக்கறாருங்க."

"பாக்கட்டும். ஆனா கொஞ்சம் பொறுங்க. கைய எறக்கித் தரையில வைங்க."

கைப்பையைத் திறந்தாள். உப்புத்தாளால் பக்கத் தகட்டில், உயரத்தின் நடுவில், பெயின்ட்டைத் தேய்த்தாள். துடைத்தாள். பசை வைத்து, சென்சாரை வைத்து, பெருவிரலால் அழுத்திக்கொண்டு நின்றாள். ஒயரை இழுத்து வந்து அளவுகளைப் பதிவுசெய்யும் பெட்டியில் காலியாக இருந்த இடத்தில் செருகியபோது, மௌனிகா கையில் சோற்றுப் பருக்கையோடு வந்து நின்றாள்.

"என்னடி பண்றே?"

"1.35 என்னன்னு கேட்டியே. பாரு."

அக்பர் அலி கூட்டினார். தெரியாது என்றவர் என்னமாய்க் கூட்டினார்! பக்கெட்டைச் சாய்த்து வைத்து, வண்டியின் மேல்பாதியைச் சுழற்றி, ஒரே வீச்சில் கல்லும் மண்ணும் ஓரமாகப் போய் விழுந்தன. திரும்பும்போது பக்கெட்டின் கன்னம் ஒரு பாறையில் மோதி, நீளமான கை முழுவதும் அதிர்ந்தது. திரையில் மேல் தகடும் அடித் தகடும் சும்மா கிடந்தன. நீலக் கோடு சும்மா கிடந்தது. புதிதாக முளைத்த சிவப்புக் கோடு மட்டும் திரையின் விளிம்பை முட்டிக்கொண்டு வெளியே போயிற்று.

சென்னகேசவன் ஏதோ கேட்டார். மௌனிகா எச்சில் கையைப் பின்னால் வைத்துக்கொண்டு, இடது கையால் தாளில் எழுத ஆரம்பித்திருந்தாள். சுழலும் வேகம், கையின் நீளம், மோதும்போது நிற்கும் தூரம். சண்முகப்ரியா ஆறு வருஷமாகத் தேடிய வழி பத்து நிமிஷத்தில் அந்தத் தாளில் வந்து நின்றது. அவள் அதைப் பார்த்தபடி நின்றாள். நெஞ்சில் அதே பழைய எரிச்சல், ஒரு துளியும் குறையாமல்.

"பழைய கைக்கு உன் 1.35 சரியாத்தான் இருந்திருக்கு," என்றாள் மௌனிகா கடைசியில். "இந்த நீளத்துக்கு அதுவும் பத்தாது. நீ சொன்ன நம்பரை நான் வெச்சிருந்தாலும் ஒடஞ்சிருக்கும்."

பிறகு அவள் பார்வை மண்ணில் திறந்து கிடந்த கைப்பைக்குப் போனது. சென்சார் பாக்கெட், குப்பி, உப்புத்தாள்.

"இதெல்லாம் காலைல இருந்து உன் பையிலயா இருந்துச்சு?"

"ஆமா."

"அன்னிக்கு நான் கேட்டப்பவே உனக்குத் தெரியும்."

"தெரியும்."

"நான் ஒடைஞ்சு போகட்டும்னு வெச்சிருந்தியா?"

வேறு ஏதாவது சொல்லலாம். மறந்துவிட்டேன் என்று சொல்லலாம், உறுதியாகத் தெரியவில்லை என்று சொல்லலாம். மௌனிகா நம்பியும் விடுவாள். "ஆமா" என்றாள் சண்முகப்ரியா.

மௌனிகாவின் முகம் சிவந்தது. விடுதி நாட்களிலிருந்து அந்த முகத்தில் தன்னைப் பார்க்கும்போது அவள் கண்டதெல்லாம் பிரியமும் லேசான பரிவும்தான். இப்போது அதில் இருந்தது கோபம், கொஞ்சம் பயமும்கூட. தனக்குக் கேடு செய்ய வல்ல ஒருத்தியைப் பார்ப்பதுபோல மௌனிகா அவளைப் பார்த்தாள். வெட்கத்தில் கூசி நிற்க வேண்டிய அந்த நேரத்தில், சண்முகப்ரியாவுக்கு முதுகு தானாக நிமிர்ந்தது. அப்படி நிமிர்ந்ததற்காகவும் வெட்கப்பட்டாள்.

திரும்பும்போது காரின் பின்சீட்டில் இருவரும் இரண்டு ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். முன்னால் சென்னகேசவன், தகடு வெட்டச் சொல்லியிருந்ததை நிறுத்தச் சொல்லி யாரிடமோ போனில் கத்திக்கொண்டு வந்தார். சிங்காநல்லூர் குளத்துக்குப் பக்கத்தில் சிக்னல் விழுந்தது. மௌனிகா லேப்டாப்பைத் திறந்து, நடுவில் இருந்த இடத்தில் வைத்து, அவள் பக்கம் தள்ளினாள்.

"பக்கவாட்டு விசைக்கு நீ எழுது."

"வழி நீ கண்டுபிடிச்சது."

"கல்லுல மோதறப்ப ஒரு மாதிரி, மண்ணுல ஒரு மாதிரி இருக்கும். அந்த எண்ணெல்லாம் எனக்குத் தெரியாது. உனக்குத்தான் தெரியும்." ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னாள். "ஃப்ரெண்டுன்னு சொல்லல. உன்கிட்ட நான் இன்னும் பேசல, தெரியுதா?"

"தெரியுது."

சண்முகப்ரியா லேப்டாப்பை மடியில் இழுத்துக்கொண்டாள். பெருவிரலில் பசை காய்ந்து ஓடு போல ஒட்டியிருந்தது. அதை மற்ற நகத்தால் உரித்துப் போட்டுவிட்டு, முதல் வரியைத் தட்டினாள். செம்மண், காய்ந்தது. மௌனிகா அவளுக்குத் தெரியாமல் என்று நினைத்துக்கொண்டு, ஓரக்கண்ணால் திரையைப் படித்துக்கொண்டிருந்தாள்.